"படித்தது மனதில் நிற்கவில்லை": கல்லூரிப் பிள்ளைகளின் பணக் கவலை

ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிவாசல். இஷா தொழுகை முடிந்து எல்லாரும் கலைந்துவிட்டார்கள். சென்னையில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன் மட்டும் உளூ செய்யும் இடத்தருகே உட்கார்ந்திருந்தான். (அவன் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"ஹஜ்ரத், படிக்கிறது எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது. மறதி போறதுக்கு ஏதாவது ஓதச் சொல்லுங்க."

நெஞ்சை விரிவாக்கித் தரும்படி நபி மூஸா (அலை) அவர்கள் கேட்ட துஆவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஃபஜ்ருக்குப் பிறகு ஓது என்று சொல்லி, தோளைத் தட்டி அனுப்பிவிட்டேன். துஆ சொல்லிக் கொடுத்தது தவறல்ல. அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துக் கதவைப் பூட்டினேனே, அதுதான் தவறு.

ஒன்றரை மாதம் கழித்து அவனுடைய தாய் ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தார். மகன் பகலெல்லாம் தூங்குகிறான், எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான், யாரோ கண் வைத்துவிட்டார்கள், ஓதி ஊதித் தாருங்கள் என்றார். கல்லூரிக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "ஸ்டடி லீவுன்னு சொல்றான் ஹஜ்ரத்" என்றார். மூன்று வாரமாக ஸ்டடி லீவு விடும் கல்லூரி எதையும் எனக்குத் தெரியாது.

அன்று மாலை அவனைத் தனியாக அழைத்து, வேறு எதுவும் கேட்காமல், "காலேஜுக்கு எவ்வளவு பாக்கி?" என்று மட்டும் கேட்டேன். சிறிது நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அழுதான். செமஸ்டர் கட்டணத்திலும் விடுதி மெஸ்ஸிலும் சேர்த்து 23,400 ரூபாய் பாக்கி. தகப்பனாருக்குப் பழக்கடை. இரண்டு முறை கேட்டதற்கு, "வியாபாரம் டல்லா இருக்குடா, கொஞ்சம் பொறு, பார்த்துக்கலாம்" என்றிருக்கிறார். மூன்றாவது முறை கேட்க இவனுக்கு வாய் வரவில்லை. விடுதியில் உடன் இருப்பவர்களிடம் திங்களும் வியாழனும் சுன்னத்தான நோன்பு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். நோன்பெல்லாம் இல்லை. மெஸ் கணக்கில் இரண்டு நாள் குறையட்டும் என்பதற்காகச் சொன்னது.

மறதிக்கு ஓதக் கேட்டு வந்த பையனுக்கு மறதி நோய் எதுவும் இல்லை. 23,400 ரூபாய் அவன் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு வேறு எதற்கும் இடம் விடவில்லை.

கரும்புக் காட்டில் தெரிந்த விஷயம்

கவலை இருந்தால் படிப்பு ஏறாது என்பது பாட்டிமார்களுக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றலாம். ஆனால் பணக் கவலை மனதை வருத்துவது மட்டுமல்ல, யோசிக்கும் திறனையே அந்த நேரத்துக்குக் குறைத்துவிடுகிறது. இதை நம் தமிழ்நாட்டு விவசாயிகளை வைத்தே கண்டறிந்தார்கள்.

ஆனந்தி மணி, தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரின் ஆய்வு 2013 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகள் அதில் பங்கேற்றார்கள். கரும்புக்காரருக்குப் பணம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, வெட்டி ஆலைக்கு அனுப்பிய பிறகுதான் வரும். அதற்கு முந்தைய மாதங்களில் கையில் காசு இருக்காது, நகை அடகில் இருக்கும், கடனும் ஏறியிருக்கும். திருவாலங்காட்டில் உள்ள திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் எங்கள் பகுதி மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அறுவடைக்கு முன்பும் பின்பும் அதே விவசாயிகளுக்கு அதே வகைச் சோதனைகளை வைத்தார்கள். வடிவங்களைப் பார்த்து விடுபட்டதைக் கண்டுபிடிப்பது ஒன்று. கவனம் சிதறாமல் வேகமாகப் பதில் சொல்வது இன்னொன்று. கையில் பணம் வந்த பிறகு நன்றாகச் செய்த அதே மனிதர், பணமில்லாத நாட்களில் தெளிவாகவே குறைவாகச் செய்தார். உடல் களைப்போ உணவுக் குறைவோ மட்டும் இதற்குக் காரணமாக முடியாது என்பதையும் ஆய்வாளர்கள் சரிபார்த்துச் சொன்னார்கள். மூளைக்கு ஒரு நேரத்தில் இவ்வளவுதான் சுமக்க முடியும் என்று ஓர் அளவு இருக்கிறது. அதில் பெரும்பகுதியைப் பணக் கணக்கு எடுத்துக்கொண்டால், மீதி வேலைகளுக்கு மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும்.

இதை ஒரு மாணவனுக்குப் பொருத்திப் பாருங்கள். பணம் வரும்வரை அறிவைத் தள்ளி வைக்க அவனால் முடியாது. தேர்வு தேதி அவனுக்காகக் காத்திருக்காது. கட்டணம் கட்டாத மாதமும் தேர்வு எழுதும் மாதமும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து சேரும், ஏனென்றால் பல கல்லூரிகள் ஹால் டிக்கெட் கொடுக்கும்போதுதான் பாக்கியைக் கேட்கின்றன. அறிவு மிகவும் தேவைப்படும் வாரத்தில் அது மிகவும் குறைந்திருக்கிறது. மதிப்பெண் குறைகிறது. "இவனுக்கு இவ்வளவு செலவு பண்றோம், இவன் அரியர் வைக்கிறான்" என்று வீடு பேசுகிறது. அவனும் தன்னை மந்த புத்திக்காரன் என்று நம்பத் தொடங்குகிறான்.

இன்னொரு விளைவும் உண்டு, பெற்றோருக்கு இது புரியாமல் கோபம் வரும். பணக் கவலையில் இருப்பவனுக்கு எதிரில் உள்ள பள்ளம் மட்டும்தான் தெரியும், நாலடி தள்ளி உள்ளது தெரியாது. உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவறவிடுவான். தவணையில் கட்ட அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதினால் போதும் என்பது தோன்றாது. நண்பனிடம் ஐநூறு வாங்கி இன்னொரு நண்பனின் ஐநூறை அடைப்பதிலேயே நாள் போய்விடும். பார்ப்பவருக்கு அது பொறுப்பின்மையாகத் தெரியும்.

பிரிட்டனில் முதலாம் ஆண்டு மாணவர்கள் 454 பேரை ஓர் ஆண்டுக்குத் தொடர்ந்து கவனித்து, தாமஸ் ரிச்சர்ட்சன் என்ற உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பண நெருக்கடி அதிகமாக இருந்தவர்களுக்கு நாளாக ஆகப் பதற்றம் கூடியது. பணத்துக்காகப் படிப்பையே விட்டுவிடலாமா என்று யோசித்தவர்களுக்கு மனச்சோர்வு மோசமானது. அதிகப் பதற்றத்தில் இருந்தவர்களின் பண நிலைமையும் பிறகு மோசமாகியிருந்தது. கவலை பணத்தையும் கெடுக்கிறது, பணம் கவலையையும் கூட்டுகிறது. அரசே கடன் கொடுத்துப் படிக்க வைக்கும் நாட்டில் இந்த நிலை என்றால், தள்ளுவண்டியிலும் தறியிலும் கூலி பார்த்துப் பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பும் வீட்டின் நிலையைச் சொல்ல வேண்டுமா?

ஏன் சொல்வதில்லை?

ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை வட்டாரத்தில் விசைத்தறிச் சத்தம் நின்றால் கடைத்தெருவும் அடங்கிவிடும். தறி ஓடினால்தான் தையல்காரருக்கும் கறிக்கடைக்காரருக்கும் பழக்கடைக்காரருக்கும் வியாபாரம். எங்கள் ஜமாஅத்தில் மாதச் சம்பளக்காரர்கள் குறைவு. "பார்த்துக்கலாம்" என்று அந்தத் தகப்பனார் சொன்னது ஏமாற்றுவதற்காக அல்ல. அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று அவருக்கே தெரியாது.

ஆனால் பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தைதான் பெரிய வேதனை. இல்லை என்று சொன்னால் வேறு வழி தேடுவான். உண்டு என்று சொன்னால் நிம்மதியாகப் படிப்பான். பார்த்துக்கலாம் என்றால் ஒவ்வொரு நாளும் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான். வறுமை ஒரு கஷ்டம். என்ன ஆகும் என்று தெரியாமல் காத்திருப்பது அதைவிட மனதை அரிக்கும் கஷ்டம் என்று என்னிடம் வந்த பிள்ளைகளைப் பார்த்தே சொல்கிறேன்.

திரும்பக் கேட்கவும் முடியாது. ஏனென்றால் வீட்டில் பல ஆண்டுகளாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. "உன் படிப்புக்காகத்தான் அம்மி வளையலை வித்தாங்க." "உன் அக்கா பத்தாவதோட நின்னதே உனக்காகத்தான்." பாசத்தோடு சொல்வதுதான், பொய்யும் இல்லை. ஆனால் விடுதி அறையில் இரவு இரண்டு மணிக்கு அது வேறு மாதிரி கேட்கும். நான் ஒரு செலவு, நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நிம்மதி என்ற இடத்துக்கு அந்த எண்ணம் போனால் அது ஆபத்தான இடம், பெற்றோர்களே.

மகள்களின் நிலை இன்னும் மௌனமானது. பணப் பேச்சை எடுத்தால் படிப்பை நிறுத்திவிட்டு வரன் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அதனால் காலைச் சாப்பாட்டை விடுவாள், ஜெராக்ஸ் எடுக்காமல் இரவெல்லாம் கையால் எழுதுவாள், மாதாந்திரத் தேவைக்கான பொருளைக்கூடக் கேட்கக் கூச்சப்படுவாள். நல்ல பிள்ளை, எதுவுமே கேட்காது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்போம்.

தன்மானத்தால் யாரிடமும் கேட்காததால், அறியாதவர்களின் கண்ணுக்கு வசதியானவர்களாகத் தெரியும் ஏழைகளைப் பற்றி அல்குர்ஆன் 2:273 வசனம் பேசுகிறது. அவர்களை அவர்களுடைய அடையாளத்தைக் கொண்டு நீங்களே அறிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. பல முறை பயானில் விளக்கிய வசனம் இது. நல்ல சட்டையும் கையில் ஆண்ட்ராய்டு போனுமாக எதிரில் வந்து நின்ற பையனிடம் அந்த அடையாளத்தை எனக்கே பார்க்கத் தெரியவில்லை.

அடையாளங்கள் என்ன? வழக்கத்துக்கு மாறான தூக்கம் அல்லது தூக்கமின்மை. காரணம் தெரியாத தலைவலி, வயிற்றுக் கோளாறு. நண்பர்களின் கூட்டத்திலிருந்து விலகுவது. வீட்டு போனை எடுக்காமல் "கிளாஸ்ல இருக்கேன்" என்று மெசேஜ் மட்டும் போடுவது. கல்லூரியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவது. இவை காதல், போதை, கெட்ட சகவாசம் ஆகியவற்றின் அடையாளங்கள் என்றுதான் நம் வீடுகளில் முதலில் சந்தேகப்படுகிறோம். சந்தேகத்தோடு கேட்கும் கேள்விக்குப் பிள்ளை உண்மையைச் சொல்வதில்லை.

கடன் வாங்கியவன் சொல்லும் பொய்

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் பாவத்திலிருந்தும் கடனிலிருந்தும் பாதுகாப்புத் தேடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. கடனிலிருந்து ஏன் இவ்வளவு அதிகமாகப் பாதுகாப்புத் தேடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்ல நேர்கிறது, வாக்களித்தால் மீற நேர்கிறது என்ற கருத்தில் விளக்கினார்கள். கடன் சட்டைப்பையோடு நிற்காமல் மனிதனின் குணத்துக்குள் நுழைந்துவிடுவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஸ்டடி லீவு என்று தாயிடம் சொன்ன பொய்யும், நோன்பு என்று அறை நண்பர்களிடம் சொன்ன பொய்யும் அந்தப் பையனை உள்ளுக்குள் மிகவும் அரித்திருந்தன. "தொழுகையில நிக்கவே வெக்கமா இருக்கு ஹஜ்ரத்" என்றான்.

அவன் போனில் ஒரு கடன் செயலியும் இருந்தது. நாலாயிரம் கேட்டவனுக்குக் கட்டணம் பிடித்தது போக மூவாயிரத்துச் சொச்சம் கையில் வந்திருக்கிறது. ஒரு வாரத்தில் முழுத்தொகையையும் கட்டச் சொல்லி மிரட்டல். போனில் உள்ள எல்லா எண்களுக்கும் செய்தி போகும் என்ற பயத்தில் இன்னொரு செயலியில் வாங்கி இதை அடைத்திருக்கிறான். 2020 டிசம்பரில் தெலங்கானாவில் இத்தகைய செயலிகளின் மிரட்டலால் உயிர்கள் போன பிறகுதான் நாடு விழித்தது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் டிஜிட்டல் கடனுக்கு விதிமுறைகளை வெளியிட்டது. ஆனாலும் பதிவில்லாத செயலிகள் புதுப் பெயரில் வந்துகொண்டே இருக்கின்றன. அப்படி மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

வங்கிக் கல்விக் கடன் வேறு கதை. வட்டி ஹராம் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை, அதைத் தளர்த்திச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நான் கண்ட ஒரு முரண்பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. வங்கியில் வட்டி என்று பேணுதலாக விலகிய தகப்பனார், கட்டணத் தேதி நெருங்கியதும் கடைத்தெருவில் நூற்றுக்கு ஐந்து, பத்து வட்டிக்கு வாங்குகிறார். ஹராமும் குறையவில்லை, சுமையும் பல மடங்கு. வேறு வழியின்றி ஏற்கெனவே வங்கியில் கையெழுத்துப் போட்டுவிட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் வட்டியின் பாவத்தைத் தினமும் குத்திக்காட்டுவதால் கடன் அடையப் போவதில்லை. அடைத்து முடிக்க வழிகாட்டுங்கள், தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதால் வட்டியும் ஏறவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அரசின் வட்டி மானியத்துக்குத் தகுதி இல்லாதவர்களுக்கு அது ஏறிக்கொண்டேதான் இருக்கும். வேலை கிடைக்காத பட்டதாரிக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பதை 2016 ஜூலையில் மதுரையில் பார்த்தோம். பாரத ஸ்டேட் வங்கி தன் வாராக் கல்விக் கடன்களை ஒரு தனியார் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. வசூல் நெருக்கடி தாங்காமல் ஓர் இளம் பொறியியல் பட்டதாரி உயிரை மாய்த்துக்கொண்டார் என்று குடும்பத்தினர் குற்றம் சாட்டினார்கள். மாநிலம் முழுவதும் மாணவர் அமைப்புகள் போராடின. காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வசூல் முகவர்கள் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டது. இதைப் பிள்ளைக்கும் தகப்பனுக்கும் தெரியப்படுத்தினாலே பாதி பயம் போகும்.

பணம் வரும் நாள்

தொகை எவ்வளவு முக்கியமோ, அது வரும் நாளும் அவ்வளவு முக்கியம். 2024 ஜூனில் உத்தரப்பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்துத் தினக்கூலி ஒருவரின் மகனுக்கு தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. சேர்க்கைக் கட்டணம் 17,500 ரூபாய். ஊரார் சேர்ந்து திரட்டிக் கட்டுவதற்குள் கெடு முடிந்து இணையப் பக்கம் மூடிவிட்டது. அந்த ஆண்டு நுழைவுத்தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும், பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. செப்டம்பர் 30 அன்று அவரைச் சேர்த்துக்கொள்ளும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மூன்று மாதம் அந்தப் பிள்ளை எப்படித் தூங்கியிருப்பான்?

நம் சமுதாயப் பிள்ளைகளுக்கு வரவேண்டியதும் சுருங்கியிருக்கிறது. 2009இல் தொடங்கிய மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்படுவதாக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் மக்களவையில் அறிவித்தது. வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கான வட்டி மானியத் திட்டமும் நின்றது. மாநில அரசின் திட்டங்கள் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. தொழிற்படிப்புகளில் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு, அதற்கான சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். எங்கள் பக்கத்தில் கடன் வாங்கியாவது தனியார் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டு, கல்லூரிக்கு வரும்போது இந்தச் சலுகைகளுக்குத் தகுதி இழந்து நிற்கும் குடும்பங்கள் அதிகம். ஐந்தாம் வகுப்பு முடியும்போதே யோசிக்க வேண்டிய கணக்கு இது.

சிறிய தொகை சரியான நாளில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வட்டாரத்திலேயே உதாரணம் உண்டு. 1888இல் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் உதவித்தொகையில் படித்தவர். படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் பழைய தத்துவப் பாடநூல்களைக் கொடுத்ததால்தான், புத்தகச் செலவில்லாமல் படிக்க முடிகிற தத்துவப் பாடத்தை அவர் எடுத்தார் என்று சொல்வார்கள். அவருக்குக் கிடைத்தது நாலைந்து பழைய புத்தகம்தான்.

மதரஸாவில் இல்லாத கவலை

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஏழு ஆண்டு மதரஸாவில் ஓதினேன். எங்கள் வீடு வசதியானதல்ல. ஆனால் அந்த ஏழு ஆண்டில் ஒரு நாள்கூட அடுத்த வேளைச் சாப்பாட்டைப் பற்றியோ கிதாபின் விலையைப் பற்றியோ நான் யோசித்ததில்லை. ஊர் பார்த்துக்கொண்டது. அரிசி மூட்டை யார் கொடுத்தார் என்றும் எங்களுக்குத் தெரியாது. பிறகு தபால் வழியில் பி.ஏ. சேர்ந்தபோதுதான் கட்டணத்துக்குக் கடைசித் தேதி என்று ஒன்று உண்டு என்பதே தெரிந்தது. இரண்டாம் ஆண்டில் பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாமல் ஒரு தாளை விட்டேன். காரணம் கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றேன். ஆலிமாகிவிட்ட எனக்கே அந்தக் கூச்சம் இருந்தது, பத்தொன்பது வயதுப் பையனுக்கு இருக்காதா?

மதரஸா மாணவனின் சோற்றைத் தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்ட ஜமாஅத், கல்லூரி மாணவனின் சோற்றை அவன் வீட்டுப் பொறுப்பு என்று விட்டுவிட்டது. ஏழு மணி ரயிலுக்குத் திருத்தணிக்கு ஓடும் பிள்ளைகளும் நம் மஹல்லாவின் பிள்ளைகள்தான்.

ஜமாஅத்துக்கு நடைமுறைச் சிக்கல் ஒன்று இருப்பது உண்மை. நாம் ஜகாத்தை ரமலானில் கொடுக்கிறோம். 2026இல் ரமலான் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. கல்லூரிக் கட்டணமோ ஜூன், ஜூலையிலும், பிறகு ஆண்டின் இறுதியை ஒட்டியும் வருகிறது. ரமலானில் வந்த தொகை ஷவ்வாலுக்குள் பிரிந்துவிடும். ஜூனில் கதவைத் தட்டும் பிள்ளைக்குப் பைத்துல்மாலில் எதுவும் இருக்காது.

இதற்கு ஃபிக்ஹில் வழி இருக்கிறது. நிஸாபை அடைந்தவர், ஆண்டு நிறைவடைவதற்கு முன்பே தம் ஜகாத்தை முன்கூட்டிக் கொடுக்கலாம் என்பது ஹனஃபி, ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளின் தீர்ப்பு. அப்பாஸ் (ரலி) அவர்கள் அனுமதி கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. அடுத்த ரமலானுக்கான ஜகாத்தில் ஒரு பகுதியை இந்த ஜூனிலேயே கொடுத்துக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். பருவ வயதை அடைந்த பிள்ளையின் ஏழ்மை ஹனஃபி மத்ஹபில் அவனுடைய சொந்தச் சொத்தை வைத்தே பார்க்கப்படும், தகப்பனின் சொத்தை வைத்து அல்ல. கொடுப்பவர் மனதில் ஜகாத் என்ற நிய்யத் இருந்தால் போதும், வாங்குபவரிடம் இது ஜகாத் என்று சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே மேடையில் நிற்க வைத்துப் பெரிய அட்டைக் காசோலையோடு போட்டோ எடுக்க வேண்டாம். அந்தப் போட்டோவுக்குப் பயந்தே விண்ணப்பிக்காத பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஜகாத்துக்குத் தகுதி இல்லாத நடுத்தரக் குடும்பத்துக்குக் கர்ழ் ஹசனா, அதாவது வட்டியில்லாக் கடன், ஆறு மாதத் தவணைக்குக் கொடுத்தாலே போதும். ஜாபிர் (ரலி) அவர்களின் தகப்பனார் கடனோடு ஷஹீதானபோது நபி (ஸல்) அவர்கள் தாமே கடன்காரர்களிடம் பேசினார்கள். ஜமாஅத் செயலாளர் ஒருவர் கல்லூரி அலுவலகத்துக்குப் பிள்ளையோடு போய்த் தவணை கேட்டால் அந்தப் பிள்ளையின் முதுகு நிமிரும்.

வீட்டில் செய்ய வேண்டியதற்குப் பணம் தேவையில்லை. ஓர் ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதியில், நம்மால் எவ்வளவு முடியும், எவ்வளவு குறைகிறது என்று பிள்ளையை உட்கார வைத்து எழுதுங்கள். குறைவதை மறைக்காதீர்கள். அந்தக் குறையை எப்படி அடைப்பது என்பதில் அவனுக்கும் ஒரு பங்கு கொடுங்கள். எழுதிய கணக்குக்கு ஓர் எல்லை இருக்கும், எழுதாத கணக்குதான் இரவெல்லாம் வளரும்.

பணம் கட்டிய பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ திரும்பாவிட்டால், சாவைப் பற்றிப் பேசினால், அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. ஈமான் பலவீனம் என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் இரவு பகலாகத் தமிழில் இலவசமாகப் பேசலாம். ஓதிப் பார்ப்பதற்கும் இதற்கும் பகையில்லை.

அபூ உமாமா (ரலி) அவர்கள் தொழுகை நேரமல்லாத நேரத்தில் பள்ளிவாசலில் உட்கார்ந்திருந்ததை நபி (ஸல்) அவர்கள் பார்த்துக் காரணம் கேட்டார்கள், கவலையும் கடனும்தான் என்று அவர் சொன்ன பிறகே துஆ கற்றுக்கொடுத்தார்கள் என்று அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. இதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்த துஆவோடு பெரிதும் ஒத்த துஆ அனஸ் (ரலி) வழியாகப் புகாரியிலேயே வருகிறது. மாணவப் பருவத்தில் மனப்பாடம் செய்தபோது துஆதான் கவனத்தில் நின்றது. முதலில் கேள்வி கேட்கப்பட்டது என்பது இந்தப் பையன் விஷயத்துக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவனுடைய பாக்கியை மூன்று பேர் சேர்ந்து கட்டினோம். ஒரு பகுதி கர்ழ் ஹசனா, மாதம் ஆயிரமாகத் தகப்பனார் திருப்பித் தருகிறார். இரண்டு தாள் அரியர் இருக்கிறது, எழுதிக்கொண்டிருக்கிறான். தங்கை அடுத்த ஆண்டு கல்லூரி சேர வேண்டும். போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவளுடைய முதலாம் ஆண்டுக் கணக்கை அவனே எழுதிக்கொண்டிருந்தான். விடுதிக் கட்டணம் என்ற இடத்தில் தொகை போடாமல் விட்டிருந்தான். "அத்தா வரட்டும், சேர்ந்து எழுதுவோம்" என்றான்.